தீர்மானத்துக்கும் படைக்கும் நடுவே

ஆசிரியருக்கு வணக்கம்.

கண்முன்னே கொலை நடந்தாலும் கைகட்டி நிற்பவர்கள் ஐ.நா. அமைதிப் படையினர், கூடுதல் ஆயுதம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறது சென்ற இதழ்க் கட்டுரை. 1994இல் இன அழிப்பு நடந்த ருவாண்டாவையும், 1995இல் படுகொலை நடந்த போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரையும் அதற்குச் சான்றாகக் காட்டுகிறது. அந்த இரண்டு இடங்களிலும் தவறு தொடங்கியது நியூயார்க்கில், தீர்மானம் எழுதிய மேசையில்.

ஐ.நா.வுக்குச் சொந்தப் படை கிடையாது. பாதுகாப்புச் சபையின் 15 நாடுகளில் 9 ஆதரித்து, நிரந்தர உறுப்பு நாடுகள் ஐந்தில் எதுவும் வீட்டோ போடாமல் இருந்தால் தீர்மானம் நிறைவேறும். ஆள் தேடும் வேலையே அதன் பிறகுதான் சூடு பிடிக்கிறது. படை அனுப்பும் ஒவ்வொரு நாட்டோடும் தனி ஒப்பந்தம்: எத்தனை பேர், எத்தனை கவச வண்டி, பழுது பார்ப்பது யார், மருத்துவமனை யார் பொறுப்பு. படை இறங்கும் நாட்டோடு இன்னொன்று: நடமாடும் உரிமை, சுங்க விலக்கு, வானொலி அலைவரிசை, வீரர் குற்றம் செய்தால் விசாரிப்பது யார். இவற்றில் ஒன்று இழுத்தாலும் வண்டிகள் துறைமுகத்திலேயே கிடக்கும். சிக்கலான பணிகளுக்குக்கூடத் தீர்மானம் நிறைவேறிய 90 நாளில் படை இறங்க வேண்டும் என்று, அமைதிப் பணிகளை ஆராய ஐ.நா. அமைத்த பிராஹிமி குழு 2000இல் சொன்னதன் காரணம் இதுதான்.

போஸ்னியாவில் ஐ.நா. அறிவித்த 'பாதுகாப்பான பகுதிகளை'க் காக்க 34,000 வீரர் தேவை என்று 1993இல் கணக்கிட்டார்கள். சபை ஒப்புக்கொண்டது 7,600 பேருக்கு. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் இருந்த சில நூறு டச்சு வீரர்களிடம் கனரக ஆயுதம் இல்லை. கேட்ட வான் தாக்குதலும் உரிய நேரத்தில் வரவில்லை. ருவாண்டா இன்னும் கொடுமை. 1994 ஏப்ரலில் பெல்ஜிய வீரர்கள் 10 பேர் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் படையைத் திரும்ப அழைத்தது. இன அழிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே படையை 270 பேராகக் குறைக்கச் சபை தீர்மானித்தது. மே 17இல் மனம் மாறி 5,500 பேருக்கு அனுமதி தந்தது. ஜூலையில் படுகொலை ஓயும்வரை அவர்களில் பெரும்பாலோர் வந்து சேரவில்லை.

படை இறங்கிய நாட்டின் இணக்கம் முறிந்தால் ஆயுதமும் உதவாது. 1956 சூயஸ் போருக்குப் பின் எகிப்துக்கு வந்த ஐ.நா. படை, 1967இல் அந்த நாடு போகச் சொன்னதும் கிளம்பியது. ஜூன் 5இல் இஸ்ரேலோடு போர் மூண்டது. 2023இல் மாலியும் அப்படியே ஐ.நா. படையை வெளியேறச் சொன்னது.

ராஜதந்திரமும் ராணுவமும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதைத் தெற்கு லெபனானில் பார்க்கலாம். 2006 போருக்குப் பிறகு, தூதரக உறவே இல்லாத இஸ்ரேல், லெபனான் ராணுவ அதிகாரிகளை எல்லையோர ஊரான நகூராவில் ஒரே அறையில் உட்காரவைத்தார் ஐ.நா. படைத் தளபதி. இரு நாடுகளையும் பிரிக்க ஐ.நா. வரைந்த சுமார் 120 கிலோமீட்டர் நீலக் கோட்டில் பீப்பாய்கள் நட்டு அடையாளமிட்டார்கள். கோடு தாண்டும் மேய்ப்பர் விவகாரம் துப்பாக்கிச் சூடாக மாறாமல் பேச்சிலேயே முடிந்த நாட்கள் பல. 2023 அக்டோபரில் தொடங்கிய மோதலைத் தடுக்கும் வலு அந்த ஏற்பாட்டுக்கு இல்லைதான். ஆனால் அதற்கு முன்பு பெரும் போரின்றிக் கழிந்த 17 ஆண்டுகளில் அதற்கும் பங்கு உண்டு.

ஆகவே கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டியது வேறு. படை அனுப்பும் நாடுகளோடு கலந்துபேச 2001இலேயே 1353ஆம் தீர்மானம் வழி செய்தது. இன்றும் வரைவு ஏறக்குறைய முடிந்த பிறகே தங்களை அழைக்கிறார்கள் என்று அந்த நாடுகள் குறைப்படுகின்றன. உயிரைக் கொடுக்கப் போகிறவர்களைக் கேட்காமல் பணியை எழுதுவது நியாயமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்