பெரிய எழுத்து இல்லாத தமிழுக்கு விதியும் வேண்டாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரமலரின் தொழில்நுட்பப் பக்கத்தில், கைநூல் எழுதுவது பற்றிய கட்டுரையில், ஆங்கிலத்தில் பெரிய எழுத்தை (கேப்பிட்டல்) எங்கே போடுவது என்ற விதிகளைப் பற்றி ஒரு வரி கிடந்தது: "தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற தொல்லையே இல்லாததால் இந்த விதிகளைப் பற்றி நாம் கவலைப்படத் தேவையில்லை." எழுதியவர் நன்றாகப் படித்தவர் என்று நடையிலேயே தெரிகிறது. நான் களுவாஞ்சிகுடியில் தட்டச்சுக் கடை வைத்திருப்பவன். அவர் கவலைப்படத் தேவையில்லை என்று தள்ளிவிட்ட தொல்லையோடுதான் எனக்குப் பொழுது விடிகிறது.

இங்கே பல கடைகளில் இன்றைக்கும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துருவான பாமினிதான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பாமினியில் எஃப் விசையைத் தட்டினால் 'க', ஷிஃப்டோடு தட்டினால் 'கு'. சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. வேர்ட் மென்பொருளுக்கு இது தமிழ் என்று எப்படித் தெரியும்? ஆங்கிலம் என்று எண்ணிக்கொண்டு வசனத்தின் முதல் எழுத்தைத் தன்பாட்டில் பெரிதாக்கிவிடும். போன வருடம் ஒரு குடும்பத்தார், தாயாரின் 31ஆம் நாள் நினைவு மலரை வேறெங்கோ தட்டச்சுச் செய்வித்து, அச்சுக்கு மட்டும் என்னிடம் கொண்டுவந்தார்கள். அந்த அம்மாவின் படத்துக்குக் கீழே 'குண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது. மூத்த மகள் அதில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? 'தலைவர்' துலைவர் ஆவதும் இதே வழியில்தான். 'புதுமை' என்று அடித்தால் முதல் இரண்டு எழுத்தும் ஷிஃப்டில் வருவதால், அதையும் பிழை என்று திருத்தி 'புதமை' ஆக்கிவைக்கும். தொல்லை இல்லையாம்!

தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாறினால் சரி என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் பாமினியில் கொண்டுவந்தால்தான் எடுப்போம் என்கிற அலுவலகங்கள் இருக்கின்றனவே. தங்கள் விளம்பரப் பிரிவும் அப்படித்தான் கேட்கிறது என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

சரி, எழுத்துருவை விடுவோம். சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர், கூரையில் சூரியத் தகடு பூட்டியபோது கிடைத்த இன்வேர்ட்டர் கைநூலை என்னிடம் பிரதி எடுக்கக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை முழுக்க முழுக்கப் பெரிய எழுத்தில், கட்டம் போட்டு இருந்தது: மின்னை நிறுத்திய பிறகும் உள்ளே கொள்ளளவிகளில் மின்னேற்றம் நிற்கும், சில நிமிடம் பொறுத்துத்தான் மூடியைக் கழற்ற வேண்டும். அதே கைநூலின் தமிழ்ப் பக்கத்தில் அந்த வரி, ஈரத்துணியால் துடைக்க வேண்டாம் என்பதற்கும் உத்தரவாத அட்டையைப் பத்திரமாக வைக்கவும் என்பதற்கும் நடுவே, அதே அளவு எழுத்தில், சாதுவாகக் கிடந்தது. தமிழில் பெரிய எழுத்து இல்லை என்பதால் ஆபத்தும் இல்லாமல் போய்விடுமா? பெரிய எழுத்து இல்லாத எங்களுக்குத்தான் தடித்த எழுத்து, கட்டம், தனிப் பந்தி என்று வேறு விதிகள் இன்னும் இறுக்கமாக வேண்டும். ஆலைக்காரர் தமிழ்ப் பக்கத்தை மட்டும் பிரதி எடுத்தால் போதும் என்றார். இரண்டையும் எடுத்து, அந்த வரியைச் சிவப்புப் பேனையால் சுற்றிக் கொடுத்தேன்.

இணையத்தை நடத்துகிறவர்கள் இதை எவ்வளவு பொருட்படுத்துகிறார்கள் என்று கட்டுரையாளர் பார்த்திருக்கலாம். இணையத்துக்கான தொழில்நுட்ப ஆவணங்களை ஆர்எஃப்சி என்பார்கள். 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119, 'மஸ்ட்', 'ஷுட்' போன்ற சொற்களுக்கு, கட்டாயம் எது, பரிந்துரை எது என்று பொருள் வரையறுத்தது. அப்புறம் அதிலும் குழப்பம் வர, முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தப் பொருள் என்று 2017இல் ஆர்எஃப்சி 8174 எழுதினார்கள். அதற்காகவே தனி ஆவணம்! எங்கள் கைநூல்களிலோ 'வேண்டும்', 'நல்லது', 'செய்யலாம்' மூன்றும் ஒன்றுக்கு ஒன்று மாறி வருகின்றன.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரே பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு கோப்புக்கும் சிறிய எழுத்தில் ஒரு கோப்புக்கும் வைத்தால் அவை இரண்டு கோப்புகள். சில தமிழ்க் கைநூல்கள் கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே அச்சடிக்கின்றன. சாதாரண தரப் பிள்ளை அதைப் பார்த்து எதைத் தட்டும்? கடவுச்சொல்லில் எங்கே பெரிய எழுத்து என்று தெரியாமல் பூட்டுப்பட்டு நிற்கும் விண்ணப்பங்களைப் பற்றி எழுதப் போனால் தங்கள் பக்கம் போதாது.

இனி, எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதே பக்கத்தின் கீழ்ப் பகுதியில், சூரிய மின்னிலையம் ஒன்றின் திறனை 10 என்று போட்டு, பக்கத்தில் சின்ன எம், பெரிய டபிள்யூ (வாட்) அச்சிட்டிருந்தீர்கள். சின்ன எம் என்றால் மில்லி, பெரிய எம் என்றால் மெகா. இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு வித்தியாசம். தாங்கள் அச்சிட்டபடி பார்த்தால் அந்த நிலையம் முழுவதும் சேர்ந்து ஒரு சின்ன எல்இடி விளக்கை மினுங்கவைக்கலாம். கவலைப்படத் தேவையில்லாத விதி என்று மேலே எழுதிவிட்டுக் கீழேயே அதை மீறியும் காட்டியதற்குத் தங்கள் பக்க வடிவமைப்பாளரைப் பாராட்டத்தான் வேண்டும்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அளவைக் குறியீடுகளையும் கட்டளைகளையும் மூலத்தில் உள்ளபடியே போடுங்கள். மின்னிலையத்தின் திறனுக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதை வழக்கம்போல மரண அறிவித்தல்களுக்குக் கீழே போடாமல், அதே தொழில்நுட்பப் பக்கத்தில் போட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தட்டச்சுக் கடைக்காரர்,
களுவாஞ்சிகுடி.