புகார்: குவாங்சோ பயணத்தில் அரண்மனைக்குப் பதில் கல்லறை

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா / அம்மா,

உங்கள் தென்சீனச் சுற்றுலாவில் பணம் கட்டி வந்தவன் நான். நீங்கள் கொடுத்த அட்டவணையில் குவாங்சோ நாளுக்கு நேராக, “நான்யுவே அரண்மனை இடிபாட்டு அருங்காட்சியகம், காலை முழுவதும், ஆங்கிலம் பேசும் வழிகாட்டியுடன்” என்று இருக்கிறது. நான்யுவே இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் தென்சீனத்தில் இருந்த ஓர் அரசு. அட்டவணையின் அந்த ஒரு வரிக்காகத்தான் உங்களிடம் பதிவு செய்தேன்.

அன்று காலை பேருந்து போய் நின்ற இடம் அரண்மனை அல்ல, நான்யுவேயின் இரண்டாம் அரசர் சாவ் மோவின் கல்லறை. 1983-இல் கண்டெடுத்தது. பச்சைக்கல் (ஜேட்) துண்டுகளைப் பட்டு நூலால் கோத்து அவருக்குப் போர்த்திய உடை அங்கே இருக்கிறது. அதைப் பார்த்ததில் எனக்குக் குறையில்லை. ஆனால் அரண்மனைக்கு எப்போது போகிறோம் என்று கேட்டால், “இதுதான் சார் அது, பெயர் ஒன்றுதானே” என்கிறார் உங்கள் வழிகாட்டி. 2021-இல் இரண்டையும் ஒரே அருங்காட்சியகமாக இணைத்தது உண்மைதான். அதற்காக இடமும் ஒன்றாகிவிடுமா? அரண்மனை இருப்பது பெய்ஜிங் சாலைக்குப் பக்கத்தில், பழைய நகரின் நடுவில்.

நாங்கள் சிலர் விடாமல் கேட்ட பிறகு அங்கே அழைத்துப் போக ஒப்புக்கொண்டார். சரி என்று நம்பினோம். சாப்பாடு முடிந்ததும் பேருந்து ஒரு பச்சைக்கல் நகைக்கடைக்குப் போனது! அட்டவணையில் இல்லாத அந்தக் கடையில் மதியம் முழுக்கக் கழிந்தது. அரண்மனை வாசலில் இறக்கிவிட்டபோது மூடும் நேரம் நெருங்கிவிட்டது. வழிகாட்டி இறங்கக்கூட இல்லை.

அகழ்ந்த இடத்தை அப்படியே விட்டு, மேலே கூரை போட்டிருக்கிறார்கள். நடைபாதையில் நின்று குனிந்தால் அரசத் தோட்டத்து வாய்க்கால் தெரிகிறது. 1997-இல் வெளிப்பட்டது, சுமார் 150 மீட்டர் நீளம், கற்பலகை பாவிக் கூழாங்கல் பரப்பியது. அதில் பிறை வடிவத்தில் ஒரு கல்தொட்டி. தோண்டியபோது அதற்குள் ஆமை ஓடுகள் கிடந்தனவாம். கி.மு. 111-இல் சீனப் பேரரசான ஹானின் படை நான்யுவேயை வீழ்த்திய பிறகும் அதே மண்ணில் அடுத்தடுத்து ஆட்கள் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிணறுகள் கிடைத்திருக்கின்றன. எது எந்தக் காலத்தது என்று சொல்ல ஆள் வேண்டாமா?

ஒரு கிணற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட மரச்சுவடிகள் கிடைத்தன. அதில் ஒன்று, 94-ஆம் எண் இலந்தை மரத்தில் 986 பழங்கள் என்று கணக்குச் சொல்கிறது. ஒரு மரத்துக் காயைக்கூட எண்ணி எழுதிய அரண்மனை அது! அந்தச் சுவடிகளைப் பற்றிய பகுதியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே காவலர் வந்து வெளியே போகச் சொல்லிவிட்டார்.

அன்றைய வழிகாட்டிக் கட்டணத்தையும் அரண்மனைக்கென்று வாங்கிய தொகையையும் திருப்பித் தர வேண்டும். நகைக்கடை யார் சொல்லி அட்டவணைக்குள் வந்தது என்பதற்கும் எழுத்தில் பதில் வேண்டும். கட்டண ரசீதையும் அட்டவணையின் நகலையும் இணைத்திருக்கிறேன். பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்