ஜூனிப்பர் வாங்கியவர்களுக்கு, கத்தரியை எடுப்பதற்கு முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழைக்கு முன்னால் பெங்களூரிலிருந்து வந்திறங்கிய ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தின் செடிகளை, தொட்டியில் குட்டை மரமாக வளர்க்கும் போன்சாய்க்கென்று நிறையப் பேர் வாங்கிப் போயிருக்கிறீர்கள். கும்பகோணத்தைத் தாண்டி திருவையாறு, மன்னார்குடி, நாகப்பட்டினம் வரைக்கும் போயிருக்கின்றன. "எப்போது வெட்டலாம், எப்படிக் கம்பி கட்டலாம்" என்று தினமும் போன் வருகிறது. கடை அவசரத்தில் ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட முழுசாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல். மழை விட்டுப் பனி இறங்கும் மார்கழியும் தையும்தான் இந்த வேலைக்குத் தோது. மாசியைத் தாண்டி வெயில் ஏறிவிட்டால் அடுத்த மார்கழி வரை செடியைச் சும்மா வளர விடுங்கள்.

நம் பக்கத்தில் போன்சாய் பழகியவர்கள் அநேகமாக எல்லாரும் ஆல், அரசு, இச்சி, புளி, காகிதப்பூ என்று தொடங்கியவர்கள். இவற்றை மொட்டையாக வெட்டினாலும் கொஞ்ச நாளில் கட்டையிலிருந்தே துளிர் கிளம்பிவிடும். கை அதற்குப் பழகியிருக்கிறது. ஜூனிப்பர் அந்த ஜாதி இல்லை. பச்சை இல்லாத பழைய கட்டையிலிருந்து அது மறுபடி துளிர்ப்பது அபூர்வம். ஒரு கிளையின் பச்சை முழுவதையும் எடுத்துவிட்டால் அந்தக் கிளை அத்தோடு போயிற்று. மரத்தின் தெம்பே இலையில்தான் இருக்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதல் நாள் பாதி நேரம் பார்ப்பதற்கே போகட்டும். செடியைக் கவரோடு மேசை மேல் கண்மட்டத்துக்கு வையுங்கள். மேல்மண்ணை விரலால் மெல்ல விலக்குங்கள். நர்சரிச் செடிகளில் தூர் ஒன்றிரண்டு அங்குலம் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். தண்டு எங்கே அகன்று வேராகப் பிரிகிறதோ அதுவரை தெரியட்டும். அப்புறம் செடியை மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் தூர் அகலமாகத் தெரிகிறது, தண்டின் வளைவு எங்கிருந்து நன்றாகத் தெரிகிறது, நேராக நம் கண்ணைக் குத்துகிற கிளை எங்கே இல்லை? அதுதான் முகப்பு. பானையின் விளிம்பில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுவதுபோல கவரில் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சுத்தம் செய்வது. முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள், ஊசியிலை பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். உள்ளே காய்ந்து பழுப்பேறிய இலைகளையும், கிளைக்கு அடியில் கீழ்நோக்கித் தொங்கும் துளிர்களையும், கவையில் முளைத்த பொடிக் குச்சிகளையும் எடுத்துவிடுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தண்டை லேசாகத் தேய்த்தால் சாம்பல் நிறச் செதில் உதிர்ந்து அடியில் செம்பழுப்புப் பட்டை வெளியே வரும். வெட்டிய இடத்தை முகர்ந்தால் பென்சில் சீவிய வாசம் அடிக்கும். முன்பு பென்சில் செய்யப் பெரிதும் விரும்பப்பட்ட மரமே அமெரிக்காவில் வளரும் ஒரு ஜூனிப்பர்தான். இதுவரை செய்ததிலேயே மரத்துக்குப் பாதி உருவம் வந்திருக்கும்.

இப்போது கிளைகள். ஒரே இடத்திலிருந்து மூன்று நான்கு கிளைகள் கிளம்பினால் ஒன்றை மட்டும் வையுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் நாளடைவில் முண்டு கட்டும். வளைவின் வெளிப்புறத்துக் கிளை இருக்கட்டும், உட்புறத்தது போகட்டும். முதல் கிளை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் அமைந்தால் கண்ணுக்கு இதம். அடுத்தது எதிர்ப்பக்கம், பின்பக்கமும் ஒன்று வேண்டும், அது இருந்தால்தான் ஆழம் வரும். இதெல்லாம் சட்டமில்லை, உங்கள் செடியில் இருப்பதைக் கொண்டுதான் செய்ய முடியும். ஆனால் ஒன்றில் கண்டிப்பு: இந்தத் தடவை மொத்தப் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். குளிர்நாட்டுக்காரர்கள் இதைவிடத் துணிந்து வெட்டுவார்கள். நம் உஷ்ணத்துக்கு இந்த அளவு போதும்.

வேண்டாத தடித்த கிளையைத் தண்டோடு ஒட்ட வெட்டாமல் இரண்டங்குலம் விட்டு வெட்டி, மிச்சத்தின் பட்டையை உரித்துவிடலாம். காய்ந்து வெளுத்துப் பட்டுப்போன கொம்பாக நிற்கும். ஜப்பானியர் இதை ஜின் என்பார்கள். இது வெறும் அலங்காரத்துக்கு வந்த வழக்கமில்லை. அங்கே இத்தோய்கவா பக்கத்து மலைப்பாறைகளில் பனியும் காற்றும் அடித்துப் பாதி பட்டும் பாதி பச்சையுமாக நின்ற ஷிம்பாகு என்ற வகை ஜூனிப்பர்களைத்தான் போன்சாய்க்காரர்கள் தேடி எடுத்தார்கள். இளம் செடியில் ஒன்று போதும்.

கம்பிக்கு வருவோம். அலுமினியக் கம்பி, கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு பருமன். கொத்தனார் கட்டுக்கம்பியைக் கொண்டு கட்டாதீர்கள், மெல்லிசாக இருப்பதால் பட்டையை அறுத்துவிடும், துருவும் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்துக் கிளைகள் இரண்டுக்கு ஒரே கம்பியைப் போட்டு, நடுவில் தண்டை ஒரு சுற்றுச் சுற்றினால் பிடிமானம் கிடைக்கும். சாய்வு 45 டிகிரி இருக்கட்டும். இலை கம்பிக்கு அடியில் சிக்கக் கூடாது. இரண்டு கட்டை விரலையும் அடியில் கொடுத்து மெல்ல மெல்ல வளையுங்கள், நெறுநெறுவென்று சத்தம் கேட்டால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் கிளை சீக்கிரம் பருக்கும், ஆகவே வாரம் ஒரு முறை கம்பியைப் பாருங்கள். பட்டையில் பதியத் தொடங்கினால் எடுத்துவிட வேண்டும். சுற்றைப் பிரிக்காமல் கட்டிங் பிளேயரால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

அன்றைக்கே அழகான தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். மேலே இலையைக் குறைத்த அதே நாளில் கீழே வேரையும் குறைத்தால் செடி தாங்காது. தொட்டி அடுத்த மார்கழிக்கு. அப்போதும் காவிரி வண்டலை வைக்காதீர்கள். சுவாமிமலையில் சிலைக்கு வார்ப்பெடுக்க அந்த வண்டலைப் போல் மண் கிடையாது, நெல்லுக்கும் வாழைக்கும் அதுதான் உயிர். ஆனால் ஆழமில்லாத தொட்டியில் அது நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஜூனிப்பர் வேரை அழுக வைக்கும். செங்கல் சூளையில் கிடைக்கும் உடைசலை மிளகு அளவுக்கு உடைத்து, தூள் போகச் சலித்துக் கொஞ்சம் மக்கிய எரு சேர்த்தால் போதும்.

வீட்டுக்குள்ளேயும் ஏசி அறையிலும் ஜூனிப்பர் பிழைக்காது. காலை வெயில் நன்றாக வேண்டும். பங்குனியிலிருந்து ஆடி வரை மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள். விரலை விட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். கடலோரத்தில் போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்க்காரர்கள் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டால் நல்லது. கோடையில் இலை மங்கி வெளிறினால் ஒரு வெள்ளைத்தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். பொடிப் புள்ளிகள் நகர்ந்தால் அது சிவப்புச் சிலந்திப் பேன். இலைக்கு அடியிலும் படும்படி தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் ஆரம்பத்திலேயே அடங்கும்.

இன்னொன்று. வேர் செத்த பிறகும் ஜூனிப்பரின் இலை பல வாரம் பச்சையாகவே இருக்கும். "நேற்று வரைக்கும் நன்றாகத்தானே இருந்தது" என்று வருத்தத்தோடு வருகிறவர்களின் செடி பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு முன்பே போயிருக்கும். நுனியில் புது வளர்ச்சி தெரிகிறதா என்று பாருங்கள், நிறத்தை நம்பாதீர்கள்.

இது ஜப்பான், சீனா, கொரியாவின் குளிர்காலத்தில் ஓய்வெடுத்துப் பழகிய மரம். நம் மார்கழிக் குளிர் அந்த ஓய்வுக்குக் காணாது. அதனால் இங்கே அது மற்ற இடங்களைப் போல நெடுநாள் வாழும் என்று நாங்கள் உறுதி சொல்வதில்லை, விற்கும்போதும் இதைச் சொல்லித்தான் கொடுக்கிறோம். முதல் போன்சாய்க்கு எது வைத்தாலும் தாங்குகிற மரம் வேண்டும் என்பவர்களுக்கு இச்சியைத்தான் கையில் கொடுப்போம்.

1 மில்லிமீட்டர் முதல் 3 மில்லிமீட்டர் வரை அலுமினியக் கம்பி கடையில் இருக்கிறது, மீட்டர் கணக்கில் வாங்கலாம். எந்தக் கிளையை வைப்பது என்று குழப்பமாக இருந்தால் எதையும் வெட்டாமல் செடியைக் கவரோடு தூக்கிக்கொண்டு ஞாயிறு காலையில் வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். அதற்குக் காசு கிடையாது.

அன்புடன்,
உங்கள் நர்சரியிலிருந்து