சங்கு ஒட்டிய கடிதமும் பதின்மூன்று கண் பாலமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். சாரல் பிடித்துக்கொண்டதால் பத்து நாளாக ரப்பர் வெட்டு இல்லை. வீட்டில் அவளுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பேத்தி ஐந்தாம் வகுப்பு போகிறாள். வாய்ப்பாட்டை மலையாளத்தில் சொல்கிறாள், கோபம் வந்தால் மட்டும் நம் தமிழ்தான்.

நீ கேட்டிருந்த கேள்வி ஒரு வாரமாக மனதை விட்டுப் போகவில்லை. தபால் தலையில் யார் முகம் வரவேண்டும் என்று யார் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். கேரள எல்லையில் ஆரியங்காவுப் பக்கத்தில் கிளை அஞ்சலகத்தில் அத்தனை வருடம் முத்திரை குத்தியவன் நான். என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாய்?

முதலில் நம் ஊர்க் கதையிலிருந்து வருகிறேன். 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம்தான், தமிழ்நாட்டில் இல்லை. திருவிதாங்கூர் ராஜ்யத்துக்கு என்று தனித் தபால் இருந்தது, அதன் பெயரே அஞ்சல். 1888இல் அவர்கள் தபால் தலை அடித்தபோது அதில் சங்குதான் இருந்தது, ராஜா முகம் இல்லை. ராஜ்யமே பத்மநாப சுவாமியுடையது, ராஜா அவருக்குத் தாசன் என்று சொல்லிக்கொண்ட வம்சம் அல்லவா? 1931இல் சித்திரைத் திருநாள் மகாராஜா முடிசூடியபோதுதான் ராஜாவின் முகம் தலையில் ஏறியது. அதே காலத்தில் தென்காசிப் பக்கம் பிரிட்டிஷ் தலைகளில் விக்டோரியா ராணியில் தொடங்கி வரிசையாக அவர்கள் முகம்தான்.

இந்த அஞ்சல் ராஜ்யத்துக்குள் மட்டும்தான் செல்லும். செங்கோட்டையிலிருந்து மலை தாண்டித் திருவனந்தபுரத்துக்குச் சங்கு ஒட்டினால் போதும். எட்டு கிலோமீட்டரில் இருக்கும் தென்காசிக்கு எழுத வேண்டுமானால் லண்டன் ராஜாவின் தலை வேண்டும். என் தாத்தா இரண்டு தலையும் வாங்கி வைத்திருப்பாராம், கல்யாணச் சம்பந்தம் இரண்டு பக்கமும் இருந்ததால். 1951 ஏப்ரலில் அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. ராஜ்யம் போய்விட்டது, ஆனால் நாம் இன்றைக்கும் அஞ்சல் என்றுதான் சொல்கிறோம், எழுதுகிறோம்.

அந்த ராஜா காலத்துத் தலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1937இல் வந்தவை. 1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேச விளம்பரம் வந்தது, ஒதுக்கி வைக்கப்பட்ட சாதியாருக்கும் கோயிலைத் திறந்துவிட்ட ராஜாவின் அறிவிப்பு அது. அடுத்த வருடமே கோயில் படத்தோடு அதற்குத் தலை போட்டுவிட்டார்கள். கோயில் தெருவில்கூட நடக்க முடியாமல் இருந்த ஒருவர், தன் கடிதத்தில் அந்தத் தலையை எச்சில் தொட்டு ஒட்டியிருப்பார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. அதே வருடம் பிரிட்டிஷ் இந்தியாவில் வந்த இரண்டணாத் தலையில் ஆறாம் ஜார்ஜ் முகத்துக்குப் பக்கத்தில் தபால் ஓட்டக்காரன் ஓடிக்கொண்டிருப்பான். மாட்டுவண்டி, ஒட்டகம், ரயில், கப்பல், விமானம் என்று அந்த வரிசையில் தபால் சுமந்த எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. முடிவெடுத்தவர்கள் ஆள வந்தவர்கள்தான். இருந்தாலும் காலில் கொப்புளத்தோடு ஓடியவனை மறக்கவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சரி, இன்றைய நடைமுறைக்கு வருகிறேன். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், நீயும் நானும்கூட. டெல்லியில் அஞ்சல் துறைக்கு எழுத வேண்டும். எந்தத் தேதியில் தலை வர வேண்டும் என்று நினைக்கிறோமோ அதற்கு இரண்டு வருடம் முன்னால் எழுத வேண்டும். ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது, அது பார்த்துப் பரிந்துரைக்கும், அமைச்சர் ஒப்புதல் தர வேண்டும். மனிதர் என்றால் நாட்டளவில் பெயர் பெற்றவராக இருக்க வேண்டும். நூற்றாண்டு மாதிரி ஒரு கணக்கு ஒத்து வர வேண்டும்.

உயிரோடு இருப்பவருக்குப் பொதுவாகக் கிடையாது. நூறு வயது கண்ட, பெண் கல்விக்கு உழைத்த கார்வேக்கு 1958இலும் பொறியாளர் விசுவேசுவரய்யாவுக்கு 1960இலும் போட்டார்கள். அன்னை தெரசாவுக்கு 1980இல், சச்சினுக்கு 2013இல். இப்படி விரல் விட்டு எண்ணும்படிதான். எங்கள் தோட்டத்தில் ஒரு ஆச்சி இருந்தார், இப்போது இல்லை. மகள் கல்யாணப் பத்திரிகை அனுப்ப வந்தபோது நான் எடுத்து வைத்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஐயா, இது எல்லாம் செத்தவங்க படம்லா, பூவோ குருவியோ இருந்தா குடுங்க" என்றார். தேடிப் பிடித்துப் பறவைத் தலை கொடுத்தேன். அந்த விதிக்கு அதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரிந்து எங்கேயும் இல்லை.

மற்ற நாடுகளிலும் ஏறக்குறைய இதே மாதிரிதான். அமெரிக்காவில் குடிமக்கள் குழு ஒன்று 1957 முதல் இருக்கிறது, ஆயிரக்கணக்கில் வரும் யோசனைகளிலிருந்து சிலதைத் தேர்ந்தெடுக்கும். அங்கே ஒருவர் இறந்து மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும். எல்விஸ் பிரெஸ்லிக்குத் தலை போடும்போது இளவயதுப் படமா, பிற்காலப் படமா என்று 1992இல் மக்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். இளவயதுப் படம் ஜெயித்தது.

நம் நாட்டில் தலை இரண்டு வகை. நினைவுத் தலை ஒரு தடவைதான் அச்சாகும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். தினமும் விற்கிற சாதாரணத் தலையோ வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சாகும். எங்கள் மாதிரிக் கிளை அஞ்சலகத்தின் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் அதுதான். ஆகவே எனக்கு உண்மையான கௌரவம் இந்தச் சின்னத் தலைதான். ஆட்சியில் இருப்பவர்களின் கண்ணும் இதன்மேல்தான். முன்பு இந்திரா காந்தி, ராஜீவ் காந்தி முகங்களைச் சாதாரணத் தலையில் போட்டார்கள். 2015இல் அடுத்து வந்த அரசு அவற்றை நிறுத்திவிட்டு வேறு வரிசை தொடங்கியது. அப்போது இரண்டு பக்கமும் வாதாடினார்கள். எனக்குப் பட்டது இதுதான்: வருகிற ஒவ்வொரு அரசும் தனக்குப் பிடித்தவரைத் தலையில் ஏற்றப் பார்க்கும். அதனால்தான் அந்தக் குழுவில் அரசைச் சாராத வரலாற்று ஆசிரியர்களும் ஓவியர்களும் நிறைய இருக்க வேண்டும் என்கிறேன்.

காசு கட்டினால் நம் முகத்தையே தலையில் போட்டுத் தரும் திட்டமும் 2011இல் வந்தது. 2020இல் கான்பூரில் இரண்டு பெரிய குற்றவாளிகளின் படம் அப்படி அச்சாகி வெளியே வந்து பெரிய பேச்சாகிவிட்டது. பிறந்தநாளுக்குப் பேத்தி படம் போட அது நல்லதுதான். ஆனால் நாடு கூடி ஒருவரை நினைப்பதும் இதுவும் ஒன்றாகாது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பாரதிக்கு 1960இல் வந்தது, வ.உ.சி.க்கு 1972இல் வந்தது, நாராயண குருவுக்கு 1967இல் வந்தது. அவர்களுக்காகக் கேட்க லட்சம் பேர் உண்டு. நம் மாதிரி எல்லை ஊருக்குத்தான் கேட்க ஆள் இல்லை. கேரளாக்காரர் இது தமிழன் இடம் என்பார், தமிழ்நாட்டுக்காரர் அது அந்தப் பக்கம் என்பார். 1939இல் திருவிதாங்கூர் ராஜா தன் பிறந்தநாள் தலைகளில் அஷ்டமுடிக் காயலோடு கன்னியாகுமரியையும் பேச்சிப்பாறை அணையையும் சேர்த்துப் போட்டார். இன்றைக்கு எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற இடங்கள் அன்றைக்கு ஒரே வரிசையில் இருந்தன.

கழுதுருட்டியில் நாம் டவுசர் போட்ட காலத்தில் நடந்துபோய்ப் பார்த்த பதின்மூன்று கண் பாலம், பதின்மூன்று வளைவு கொண்ட அந்த ரயில் பாலம், நினைவிருக்கிறதா? நீ ஆறாவது கண்ணுக்குக் கீழே நின்று கத்த, எதிரொலி வந்ததே. செங்கோட்டை புனலூர் ரயில்பாதை 1904இல் ஓடத் தொடங்கியது. 2010இல் மீட்டர் கேஜ் நின்று, 2018இல் அகலப் பாதையாகத் திரும்ப வந்தது. பகவதிபுரத்தில் தமிழ்நாட்டை விட்டுக் குகைக்குள் நுழைகிற வண்டி ஆரியங்காவில் கேரளத்தில் வெளியே வருகிறது. கருங்கல் சுமந்தவர்களில் இரண்டு மொழிக்காரர்களும் இருந்தார்கள், யாருடைய பெயரும் எங்கேயும் இல்லை. 2029இல் பாதைக்கு 125 வயது.

அந்தப் பாலத்துக்கு ஒரு தலை கேட்டு எழுதலாம் என்று இருக்கிறேன். இரண்டு வருடக் கணக்குப்படி 2027க்குள் டெல்லிக்குப் போய்ச் சேர வேண்டும். ஆங்கிலத்தில் எழுத நீதான் சரி. தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பக்கம் நான் தயார் செய்கிறேன். தென்காசிப் பக்கத்திலிருந்து நீயும் புனலூர்ப் பக்கத்திலிருந்து நானும் கையெழுத்து வாங்கினால், ஒரு மாநிலத்துக்காரர்கள் மட்டும் கேட்டது என்று யாரும் ஒதுக்க முடியாது.

உன் அண்ணன் எடுத்த பழைய பாலத்துப் படம், மீட்டர் கேஜ் வண்டி போகிற மாதிரி ஒன்று உன் வீட்டில் இருந்தது. பரணில் தேடிப் பார். கிடைத்தால் தபாலில் போடாதே, நேரில் கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஏறினால் நான் ஆரியங்காவு ஸ்டேஷனில் நிற்பேன். அவள் கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் வைப்பதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்