உச்சவரம்பு இல்லாத இடத்தில் செலவழியுங்கள்: ஐஸ் ஹாக்கி அணி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தேசிய ஹாக்கி லீக் அணிகளின் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். மேலாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாரை விற்கலாம், யாரை வாங்கலாம் என்று தினமும் யாராவது பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். உங்களிடம் யாரும் அதிகம் கேட்பதில்லை. கேட்டாலும் டிக்கெட் விலையைப் பற்றித்தான். ஆனால் இந்த லீக்கைப் பல வருடங்களாகக் கவனித்துவரும் ரசிகனாக எனக்குத் தோன்றுவது இதுதான்: ஓர் அணி தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் உங்கள் அறையில்தான் முடிவாகிறது. மேலாளருக்கு எத்தனை வருடம் கொடுப்பது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள்.

2004-05 சீசன் முழுவதையும் பலி கொடுத்து நீங்கள் கொண்டுவந்தது சம்பள உச்சவரம்பு, அதாவது ஓர் அணி தன் வீரர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு சீசனில் கொடுக்கக்கூடிய அதிகபட்சத் தொகை. ஆரம்பத்தில் 3.9 கோடி டாலர். 2025-26 சீசனில் 9.55 கோடி. அதற்குள் 23 வீரர்களை அடக்க வேண்டும்: நான்கு வரிசைகளில் 12 முன்கள வீரர்கள், மூன்று ஜோடிகளாக ஆறு தடுப்பாட்டக்காரர்கள், இரண்டு கோல்கீப்பர்கள், மிச்சம் மாற்று ஆட்கள். இரண்டு நட்சத்திரங்களுக்கு ஆளுக்கு 1.2 கோடி கொடுத்துவிட்டால், மற்ற 21 பேருக்கும் சராசரியாக 34 லட்சம் டாலர்தான் மிஞ்சும். உங்களில் யார் எவ்வளவு பெரிய பணக்காரர் என்பது இந்தக் கணக்கில் எடுபடாது. உச்சவரம்பு உயரும்போதும் எல்லாருக்கும் சேர்ந்தேதான் உயர்கிறது.

அப்படியானால் ஓர் அணி இன்னோர் அணியை எப்படி முந்துகிறது? கொடுக்கும் சம்பளத்தைவிட அதிகமாக விளையாடும் ஆட்களை வைத்திருப்பதால்தான். அப்படிப்பட்டவர்கள் மூன்று வழியில் கிடைக்கிறார்கள். டிராஃப்டில் (அணிகள் வரிசை முறையில், சுற்றுச் சுற்றாக, புது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்திர நிகழ்வில்) எடுத்து முதல் மூன்று வருட ஒப்பந்தத்தில் குறைந்த சம்பளத்துக்கு ஆடும் இளைஞர்கள் ஒரு வகை. முழுத் திறமையும் வெளிப்படுவதற்கு முன்பே நீண்ட ஒப்பந்தம் போட்டவர்கள் இன்னொரு வகை: கொலராடோவின் நேதன் மெக்கின்னன் லீக்கின் உச்ச வீரர்களில் ஒருவராக ஆடிய காலத்திலும் ஆண்டுக்கு 63 லட்சம் டாலர்தான் அவர் கணக்கு. மூன்றாவது, வேறு அணி மதிப்புத் தெரியாமல் விட்டவர்கள். இந்த மூன்றுக்கும் காலம் வேண்டும், அல்லது நல்ல கண் வேண்டும்.

ஜூலை 1 இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான சந்தை அன்றுதான் திறக்கிறது. ஒரு வீரர் தன் விருப்பப்படி அணி மாறும் உரிமையைப் பெறுவது பெரும்பாலும் 27 வயதிலோ ஏழு சீசன் ஆடிய பிறகோதான். அதாவது அவருடைய சிறந்த வருடங்களில் கணிசமான பகுதியை வேறு அணி அனுபவித்து முடித்த பிறகு, 32 அணிகள் போட்டிபோட்டு ஏற்றிய விலையில் நீங்கள் வாங்குகிறீர்கள். 2024 கோடையில் எட்மன்டன் என்ன செய்தது என்று பாருங்கள். லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையின் கடைசி ஆட்டம்வரை போய்த் தோற்ற சூட்டோடு, முப்பது தாண்டிய ஜெஃப் ஸ்கின்னரையும் விக்டர் அர்விட்சனையும் சேர்த்தார்கள். உச்சவரம்பு இறுகியது. ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் அணி எட்மன்டனின் இரண்டு இளைஞர்களுக்கு, பிலிப் ப்ரோபெர்க், டிலன் ஹாலோவே இருவருக்கும், ஒரே நேரத்தில் ஒப்பந்தம் நீட்டியது; அதே சம்பளத்தைத் தந்தால்தான் எட்மன்டன் அவர்களைத் தக்கவைக்க முடியும். எட்மன்டன் ஈடுகொடுக்கவில்லை. பதிலுக்குக் கிடைத்தது ஓர் இரண்டாம் சுற்று, ஒரு மூன்றாம் சுற்று டிராஃப்ட் தேர்வு, அதாவது அந்தச் சுற்றுகளில் ஆள் எடுக்கும் உரிமை. அடுத்த சீசனில் ஹாலோவே 63 புள்ளிகள் (கோல், கோலுக்கான உதவி இரண்டும் சேர்ந்து) எடுத்தார். ஸ்கின்னரும் அர்விட்சனும் ஒரே வருடத்தில் எட்மன்டனை விட்டுப் போய்விட்டார்கள். கானர் மெக்டேவிட் இருப்பதால் எட்மன்டன் மறுவருடமும் இறுதிக்கு வந்தது, அது வேறு கதை. மெக்டேவிட் இல்லாத மற்ற 31 பேர் இதைச் செய்து பார்க்காதீர்கள்.

சரி, தோற்றுக்கொண்டே இருந்து, கடைசியில் வரும் அணிகளுக்குக் கிடைக்கும் டிராஃப்டின் முதல் இடங்களைப் பிடித்தால் போதாதா என்று சிலர் நினைக்கிறீர்கள். அதே எட்மன்டன் 2010 முதல் 2015 வரையிலான ஆறு டிராஃப்டுகளில் நான்கில் முதல் ஆளைத் தேர்ந்தெடுத்தது. 2012-இல் வந்த நெயில் யகுபோவ் நிலைக்கவே இல்லை. 2016 வரை பத்து சீசன்கள் தொடர்ந்து பிளேஆஃப் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றச் சுற்றுகள்) பக்கமே அந்த அணி வரவில்லை. பஃபலோ இன்னும் மோசம்: 2011-12 தொடங்கி 14 சீசன்கள் வரிசையாக வெளியே. அவர்களிடம் ஆள் இல்லாமலா போனது? ரயன் ஓரைலி அங்கிருந்து செயின்ட் லூயிஸ் போய் 2019-இல் கோப்பையும் பிளேஆஃபின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். 2015-இல் இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜாக் ஐக்கல் 2023-இல் வேகஸுடன் கோப்பையைத் தூக்கினார். 2014-இல் இரண்டாவதாக வந்த சாம் ரைன்ஹார்ட் 2024-இல் ஃப்ளோரிடாவுடன். ஒரே அணியில் ஒன்றாக ஆடிய மூவர், மூன்று வெவ்வேறு ஊர்களில் சாம்பியன்கள். ஓரைலிக்குப் பதிலாக வந்த டேஜ் தாம்சன் பிற்பாடு ஒரு சீசனில் 47 கோல் அடித்தார் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த டிரேடு (அணிகளுக்கிடையே நடக்கும் வீரர் பரிமாற்றம்) முழு நஷ்டமில்லை. ஆனால் திறமையைச் சேர்ப்பதற்கும் அதைச் சுற்றி ஓர் அணியை நிறுத்துவதற்கும் நடுவே ஒரு நீண்ட வேலை இருக்கிறது. மேலாளர் மாறும் ஒவ்வொரு தடவையும் அந்த வேலை முதலிலிருந்து தொடங்குகிறது. புதிதாக வருபவருக்குப் பழையவர் எடுத்த பையன்கள் மேல் ஒட்டுதல் இருப்பதில்லை.

கொலராடோவைப் பாருங்கள். 2016-17-இல் 82 ஆட்டங்களில் அணி எடுத்தது 48 புள்ளிகள் (ஒரு வெற்றிக்கு இரண்டு என்ற கணக்கில்), லீக்கிலேயே கடைசி. டிராஃப்ட் வரிசையை முடிவுசெய்யும் குலுக்கலிலும் சறுக்கி நான்காம் இடத்துக்குப் போனார்கள். எந்த உரிமையாளருக்கும் கத்தியை எடுக்கத் தோன்றும் நேரம் அது. ஆனால் மேலாளர் ஜோ சாகிக் இருந்தார். முதல் வருடத்திலேயே அந்த அடி வாங்கிய பயிற்சியாளர் ஜேரட் பெட்னரும் இருந்தார். அந்த நான்காம் இடத்தில் வந்தவர்தான் கேல் மக்கார். மேட் டுஷேனை விற்கச் சொல்லி எல்லாரும் நெருக்கிய போதும் சாகிக் மாதக்கணக்கில் காத்திருந்தார். கடைசியில் மூன்று அணிகள் சேர்ந்த ஒரு பரிமாற்றத்தில் சாமுவேல் ஜிரார்டும், பின்னால் போவன் பைரமாக மாறிய ஒரு முதல் சுற்றுத் தேர்வும் வந்தன. 2020-இல் இரண்டே இரண்டாம் சுற்றுத் தேர்வுகளுக்கு நியூயார்க் ஐலண்டர்ஸிடமிருந்து டெவன் டேவ்ஸைப் பிடித்தார்கள். 2022-இல் கோப்பை வந்தபோது பெட்னர் அதே பெஞ்சின் பின்னால்தான் நின்றார்.

ஃப்ளோரிடா கதை எனக்கு இன்னும் சுவாரஸ்யமானது. ஏனென்றால் இங்கே ஒரே உரிமையாளரிடம் இரண்டு விதத்தையும் பார்க்க முடிகிறது. வின்சென்ட் வயோலா 2013-இல் அணியை வாங்கினார். 2015-16-இல் அதுவரையில்லாத அளவுக்கு 103 புள்ளிகள். அடுத்து நடந்தது என்ன? மேலாளர் டேல் டாலனைப் பெரிய பதவி என்ற பெயரில் ஒதுக்கிவைத்தார்கள். நவம்பரில் பயிற்சியாளர் ஜெரார்ட் கலன்ட்டை நீக்கினார்கள். அணி சரிந்தது, ஒரு வருடத்துக்குள் டாலன் திரும்பி வந்தார். 2017-இல் வேகஸ் அணி புதிதாக உருவாகி, மற்ற அணிகள் பாதுகாக்காத வீரர்களிலிருந்து ஆள் எடுத்தபோது, 30 கோல் அடித்த ஜொனதன் மார்ஷசோவைப் பாதுகாக்காமல் விட்டார்கள். ரைலி ஸ்மித்தையும் சம்பளச் சுமை என்று சேர்த்தே அனுப்பினார்கள். அப்புறம், கலன்ட் பயிற்சி கொடுக்க, இந்த இருவரும் ஆட, வேகஸ் தன் முதல் சீசனிலேயே இறுதிப் போட்டிக்குப் போனது.

அதே வயோலாவின் கீழ் 2020 செப்டம்பரில் பில் சீட்டோ மேலாளராக வந்தார். கார்ட்டர் வெர்ஹேகியை டாம்பா தக்கவைக்காமல் விட்டபோது ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு எடுத்தார். கஸ்டாவ் ஃபோர்ஸ்லிங்கைக் கரோலைனா கழற்றிவிட்டபோது, பதிலுக்கு ஒருவரையும் கொடுக்காமல் வேவர் (ஓர் அணி கழற்றிவிடும் வீரரை மற்ற அணிகள் கேட்டு எடுக்கும் பட்டியல்) வழியாகக் கொண்டுவந்தார். இன்று லீக்கின் நல்ல தடுப்பாட்டக்காரர்களில் அவர் ஒருவர். கால்கரியில் ஒளி மங்கிக் கிடந்த சாம் பென்னட்டை ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வும் ஓர் இளம் வீரரும் கொடுத்து வாங்கினார். முன்பே டிராஃப்டில் வந்த அலெக்ஸாண்டர் பார்க்கோவும் ஆரன் எக்ப்ளாடும் நடுவில் இருந்தார்கள். 2021-22-இல் 122 புள்ளிகளோடு லீக்கில் முதலிடம். ஆனால் இரண்டாம் சுற்றில் டாம்பாவிடம் நான்குக்கு நான்கும் தோல்வி. அந்த வருடம் 115 புள்ளிகள் எடுத்த ஜொனதன் ஹூபர்டோவையும், மெக்கென்சி வீகரையும், ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்து மேத்யூ கச்சக்கை வாங்கினார் சீட்டோ. ஊரே சிரித்த டிரேடு. 2023-இல் இறுதிப் போட்டி, 2024-இலும் 2025-இலும் கோப்பை. 2025-இல் பிளேஆஃபின் சிறந்த வீரர், கால்கரி விட்டுக்கொடுத்த அந்த பென்னட். நான் கேட்கும் பொறுமை கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது இல்லை என்பதற்காகவே இதை நீட்டிச் சொன்னேன். மேலாளர் துணிந்து முடிவெடுக்க வேண்டுமானால், ஒரு முடிவு தப்பினால் வேலை போகாது என்ற நம்பிக்கை அவருக்கு வேண்டும்.

அப்படியானால் டொராண்டோ காட்டியதும் பொறுமைதானே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 2019-இல் நான்கு முன்கள வீரர்களுக்கு உச்சவரம்பில் ஏறக்குறைய பாதியை ஒதுக்கினார்கள், உச்சவரம்பு ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில். கொரோனா வந்து மூன்று சீசன்கள் 8.15 கோடியிலேயே அது நின்றுபோனது. கணக்கின் அடிப்படையே மாறியும், நால்வரையும் 2025 வரை அப்படியே வைத்திருந்தார்கள். 2017 முதல் 2025 வரையிலான ஒன்பது பிளேஆஃபில் இரண்டு சுற்றுகள்தான் வென்றார்கள். அந்த நால்வருமே அருமையான ஆட்டக்காரர்கள். தடுப்பிலும் கோல் முனையிலும் போட வேண்டிய பணம் மேலேயே முடங்கிக் கிடந்ததுதான் பிரச்சினை. அதைப் பொறுமைக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன்.

இப்போது தலைப்பில் சொன்னதற்கு வருகிறேன். உச்சவரம்பு வீரர்களின் சம்பளத்துக்கு மட்டும்தான். இளம் திறமையைத் தேடி அலையும் ஸ்கவுட்டுகளுக்கு இல்லை. பயிற்சியாளர்கள், மருத்துவர்கள், தரவு ஆய்வாளர்கள், இளம் வீரர்களுக்குச் சறுக்குக் கலை சொல்லித்தருபவர்கள், கீழ் லீக்கில் ஆடும் துணை அணியின் வசதிகள், எதற்கும் இல்லை. பணக்கார உரிமையாளராக இருப்பதில் இன்றைக்கு ஏதாவது அனுகூலம் மிச்சமிருக்கிறது என்றால் அது இங்கேதான். டெட்ராய்ட் அணி ஸ்வீடனில் ஹாகன் ஆண்டர்சனைப் போன்ற ஓர் ஆளை வைத்திருந்ததால்தான் பாவல் டட்சுக்கை 171-ஆவது இடத்திலும் ஹென்ரிக் சேட்டர்பெர்க்கை 210-ஆவது இடத்திலும் எடுக்க முடிந்தது. டல்லஸ் 2017-இல் ஒரே டிராஃப்டில் மீரோ ஹெய்ஸ்கனன், ஜேக் ஆட்டிங்கர், ஜேசன் ராபர்ட்சன் மூவரையும் எடுத்தது. 3, 26, 39-ஆம் இடங்களில். ஒருவர் தடுப்பின் தூண், ஒருவர் கோல்கீப்பர், ஒருவர் கோல் அடிப்பவர். ஒரே நாள் வேலை அல்ல அது. பல நாடுகளின் குளிர் அரங்குகளில் உட்கார்ந்து பதினேழு வயதுப் பையன்களைப் பார்த்த ஆட்களின் வேலை.

டாம்பாவும் அப்படித்தான். நிகிட்டா குச்செரோவ் 58-ஆவது, பிரெய்டன் பாயின்ட் 79-ஆவது, ஒன்ட்ரெய் பலாட் 208-ஆவது, டைலர் ஜான்சனை எந்த அணியும் தேர்ந்தெடுக்கவே இல்லை. பலாட்டும் ஜான்சனும் நார்ஃபோக் துணை அணியில் ஜான் கூப்பரிடம் ஆடி, 2012-இல் தொடர்ந்து 28 ஆட்டங்களை வென்று அங்கே கோப்பையும் எடுத்தார்கள். மறுவருடம் கூப்பரும் மேலே வந்தார். 2018-19-இல் 62 வெற்றி. பிளேஆஃபில் முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் ஒரு ஆட்டம்கூட வெல்லாமல் வெளியேற்றம். கூப்பரைக் கைவிடவில்லை. 2020 பிப்ரவரியில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து பிளேக் கோல்மன், பார்க்லே குட்ரோ இருவரையும் சேர்த்தார்கள். இரண்டு பேருக்குமே சம்பளம் குறைவு, ஒப்பந்தத்தில் இன்னொரு வருடமும் மிச்சம். 2020, 2021 இரண்டு கோப்பைகளிலும் அவர்கள் இருந்தார்கள். டிராஃப்ட் தேர்வுகளை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடிப்படை தயாரான பிறகு விற்றால் பலன் உண்டு.

இதற்கு நேர்மாறாக, பஃபலோ 2020 ஜூனில் மேலாளரோடு சேர்த்து 20-க்கும் மேற்பட்ட ஊழியர்களை ஒரே நாளில் அனுப்பியது. ஸ்கவுட்டுகளும் துணை அணியின் பயிற்சியாளர்களும் அதில் இருந்தார்கள். கொரோனா காலம், வருமானம் இல்லை, புரிகிறது. ஆனால் ஒரு நடுத்தர வீரரின் ஒரு வருடச் சம்பளத்தில் எத்தனை ஸ்கவுட்டுகளை வைத்துக்கொள்ளலாம் என்று அன்று யாராவது கணக்குப் போட்டிருக்கலாம்.

கடைசியாக நியூயார்க் ரேஞ்சர்ஸ். 2018 பிப்ரவரியில் அவர்கள் ரசிகர்களுக்கே ஒரு கடிதம் எழுதினார்கள்: பிரியமான வீரர்கள் சிலர் போகப் போகிறார்கள், அணியைப் புதிதாகக் கட்டப் போகிறோம் என்று. அவ்வளவு நேர்மையை இந்த லீக்கில் நான் அதிகம் பார்த்ததில்லை. ரசிகர்களும் ஏற்றுக்கொண்டார்கள். 2021 மே மாதம், சீசனில் மூன்று ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போது, தலைவர் ஜான் டேவிட்சனையும் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்ட மேலாளர் ஜெஃப் கோர்டனையும் ஒரே நாளில் நீக்கினார்கள். மறுவருடமே அந்த அணி மாநாட்டு இறுதிவரை (கோப்பை இறுதிக்கு முந்தைய சுற்று) போனது, பெரும்பாலும் நீக்கப்பட்டவர்கள் சேர்த்த ஆட்களை வைத்து. வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைத்த கதை.

உங்களிடம் நான் கேட்பது சில விஷயங்கள்தான். மேலாளரை வேலைக்கு எடுக்கும்போதே, அவர் எடுக்கும் முதல் டிராஃப்ட் பையன்கள் முழு வீரர்களாக வளரும்வரை, அதாவது குறைந்தது ஐந்து வருடம், அவருக்கு இடமுண்டு என்று எழுதிக் கொடுங்கள். வருமானம் குறையும் வருடத்தில் முதல் வெட்டு ஸ்கவுட்டுகள் மேல் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் தொடக்கத்தில் டிரேடுக்கான கடைசித் தேதி நெருங்கும்போது, உங்கள் அணி பிளேஆஃப் கோட்டுக்கு நான்கைந்து புள்ளி கீழே இருந்தால், மேலாளருக்குத் தொலைபேசியில் அழைத்து ஏதாவது செய்யச் சொல்லாதீர்கள். அவர் சும்மா இருக்க முடிவெடுத்தால், மறுநாள் பத்திரிகையாளர்கள் முன்னால் அவருக்குப் பக்கத்தில் நீங்களும் வந்து உட்காருங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஐஸ் ஹாக்கி ரசிகன்