ரோபோ வாங்குறதுக்கு முன்னாடி சார்ஜர எண்ணுங்க

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, டர்பன்ல இருந்து வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல, குடோன்ல ரோபோ தானா சாமான் தூக்கிட்டு போறத பத்தி ஒரு பக்கம் முழுசா போட்டிருந்தீங்க, படம்லாம் அருமை, ஆனா அந்த ரோபோ கரண்ட எங்க போய் எடுக்குது, எத்தனை சார்ஜர் வேணும், பவர் போனா என்ன ஆகும்னு ஒரு வரி கூட இல்லையே சார். நான் கோயமுத்தூர்க்காரன், 11 வருஷமா இங்க ஒரு பாக்டரியில மெயின்டனன்ஸ், கடைசி 5 வருஷமா இந்த ரோபோக்கூடத்தான் பொழப்பு. நம்ம ஊர்லயும் இப்ப இதை நிறைய பேர் வாங்க ஆரம்பிச்சிட்டாங்கன்னு சொந்தக்காரப் பசங்க சொல்றாங்க, அதனாலதான் எழுதுறேன்.

எங்ககிட்ட 30 ரோபோ. ஒவ்வொண்ணுலயும் 48 வோல்ட், 60 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரி, அதாவது கிட்டத்தட்ட 3 யூனிட் கரண்டு புடிக்கும். ஓடுறப்போ சராசரியா 250 வாட்ஸ் தின்னும். 30ம் சேந்து மணிக்கு ஏழரை யூனிட். ஒரு சார்ஜர் மணிக்கு 3 யூனிட் குடுக்கும், அப்ப கணக்குப்படி மூணு சார்ஜர் போதும், ஒண்ணு ஸ்பேருக்கு, மொத்தம் நாலுன்னு வித்தவங்க குடுத்துட்டு போயிட்டாங்க. பேப்பர்ல பாத்தா தப்பே தெரியாது.

2023ல இங்க லோட் ஷெடிங், அதாவது ஏரியா ஏரியாவா மாத்தி மாத்தி பண்ற பவர் கட், எப்படி இருந்துச்சுன்னு 2012ல நம்ம ஊர் பவர் கட்ட பாத்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஸ்டேஜ் நம்பர் ஏற ஏற கட் ஜாஸ்தி, ஸ்டேஜ் 6 வந்தா ஒரு நாளைக்கு மூணு தடவை கூட போச்சு. ஒரு தடவை ரெண்டு மணி நேரம் போச்சு, ஜெனரேட்டர் மெஷினுக்கு மட்டுந்தான், சார்ஜர் அந்த லைன்ல இல்ல. ரோபோ பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு, ஒவ்வொண்ணும் அரை யூனிட் தின்னுடுச்சு, 30க்கு 15 யூனிட் கடன். 20 பர்சன்ட்டுக்கு கீழ போனாத்தான் சார்ஜுக்கு போகணும்னு செட் பண்ணியிருந்தாங்க, அதனால 25ல இருந்ததெல்லாம் நடுவழியிலயே நின்னுடுச்சு, பசங்க ட்ராலி ஜாக் வெச்சு இழுத்தாங்க. பவர் வந்ததும் மீதி எல்லாம் ஒரே நேரத்துல நாலு சார்ஜர் முன்னாடி வரிசை கட்டி பாதைய அடைச்சுக்கிச்சு. நாலு சார்ஜர் மணிக்கு 12 யூனிட் குடுக்குது, அதுல ஏழரைய ஓட்டமே தின்னுடுது, மிச்சம் நாலரை, 15 யூனிட் கடன அடைக்க மூணு மணி நேரத்துக்கு மேல. அதுக்குள்ள அடுத்த கட் நேரம் வந்துடுச்சு. அந்த ராத்திரி ஷிப்ட் முழுக்க நான் வீட்டுக்கே போகல.

அப்புறம் சார்ஜர ஏழாக்கினோம், சார்ஜுக்கு போக வேண்டிய மினிமம் லெவல 20ல இருந்து 40 பர்சன்ட்டுக்கு ஏத்தினோம். ரெண்டு மணி நேர கட்டுல பேட்டரியில 17 பர்சன்ட் தான் போகும், 40ல இருந்தா 23ல நிக்கும், எதுவும் வழியில சாகாது. டீ டைம்லயும் சாமான் எறக்குற எடத்துலயும் பத்து பதினைஞ்சு நிமிஷம் குட்டி குட்டியா சார்ஜ் ஏத்துற மாதிரி மாத்தினோம், லித்தியத்துக்கு அது ஒண்ணும் கெடுதல் இல்ல. பவர் வந்ததும் ஏழு சார்ஜரும் ஒரே செகண்ட்ல ஆன் ஆகாம ரெண்டு ரெண்டு நிமிஷம் தள்ளி ஆன் ஆகணும், இல்லன்னா பிரேக்கர் விழும். அதே மாதிரி ரோபோவுக்கு ஒரு சார்ஜர்னு 30 வைக்கணும்னு ஆசப்படாதீங்க, 30ம் சேந்து இழுத்தா 90 கிலோவாட், மாசக் கடைசியில டிமாண்ட் சார்ஜ், அதாவது ஒரே நேரத்துல அதிகபட்சமா இழுத்த லோடுக்குப் போடுற காசு, பில்லுல தெரியும். இங்க ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் காலையிலயும் சாயங்காலமும் பீக் நேர ரேட்டு கண்ணக் கட்டும், அந்த நேரத்துல முடிஞ்ச வரைக்கும் சார்ஜ் ஏத்தாதேன்னு சாப்ட்வேர்ல சொல்லி வெச்சிருக்கோம்.

ரோபோவுக்கு உத்தரவு வர்ற வைஃபைக்கும் யூபிஎஸ் வேணும் சார். பேட்டரி முழுசா இருந்தும் வைஃபை பெட்டி செத்தா ரோபோ எல்லாம் அப்படியே சிலையா நின்னுடும்.

இதுக்கு முன்னாடி எங்ககிட்ட லெட் ஆசிட் போட்ட பழைய இழுவை வண்டிங்க இருந்துச்சு. எட்டு மணி நேரம் ஓட்டம், எட்டு மணி நேரம் சார்ஜ், எட்டு மணி நேரம் ஆற விடணும், மூணு ஷிப்ட்டுன்னா ஸ்பேர் பேட்டரி கட்டாயம். சார்ஜ் ஆகுறப்போ ஹைட்ரஜன் கேஸ் வரும், காத்துல 4 பர்சன்ட் சேந்தாலே தீப்பொறி போதும், அதனால தனி ரூம், ஃபேன் எல்லாம் வேணும். ஒரு பையன் சார்ஜுக்கு முன்னாடியே டிஸ்டில்டு வாட்டர விளிம்பு வரைக்கும் ஊத்திட்டான், சார்ஜ்ல உள்ள இருக்குறது பொங்கி வெளிய வந்து மறுநாள் அவன் பேண்ட் முழங்கால்ல ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. தண்ணி சார்ஜ் முடிஞ்சப்புறம்தான் ஊத்தணும். அந்தப் பையனோட தாத்தாவுக்குத் தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம், இவனுக்கு தமிழ்ல அண்ணான்னு கூப்பிடத் தெரியும், இன்னைக்கு பேட்டரி வேலைல அவன விட்டா ஆள் இல்ல.

லித்தியத்துக்கு மாறுனா எல்லாம் தீந்துச்சுன்னு நெனைக்காதீங்க. எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகைல வோல்டேஜ் ரொம்ப நேரம் சமமாவே நிக்கும், அதனால மீதி எவ்வளவுன்னு மீட்டர் தப்பா காட்டும், 35ன்னு காட்டுனது திடீர்னு 10 ஆகும். வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொண்ணையும் 100 வரைக்கும் ஏத்தி விடுறோம், அப்பத்தான் செல் எல்லாம் சமமாகும், மீட்டரும் சரியாகும். துறைமுகம் பக்கம் ஆரஞ்சுப் பழம் வைக்குற கோல்ட் ஸ்டோர்லாம் இருக்கு, அந்த மாதிரி எடத்துல பூஜ்யம் டிகிரிக்கு கீழ லித்தியத்த சார்ஜ் பண்ணவே கூடாது, செல் உள்ளயே கெட்டுடும், வெளிய கொண்டு வந்து ஏத்தணும், இல்ல ஹீட்டர் வெச்ச பேட்டரி வாங்கணும். ஒரே சின்ன ரூட்டுல திரும்பத் திரும்ப ஓடுற வண்டின்னா பேட்டரிக்குப் பதிலா, கரண்ட சட்டுன்னு வாங்கி சட்டுன்னு குடுக்குற சூப்பர் கெப்பாசிட்டர் பரவால்ல, நிக்குற எடத்துலல்லாம் சில செகண்ட்ல ஏறிடும், ஆனா தூரம் போகாது.

எங்களுக்கு பெரிய தலைவலி கடல் காத்துதான். ரோபோ வந்து உக்காந்து சார்ஜ் ஏத்திக்குற, தரையில இருக்குற செம்பு காண்டாக்ட் தகடு உப்புக்காத்துல கறுத்துடும், ரோபோ வந்து உக்காரும், லைட் எரியாது, எழுந்து போகும், திரும்ப வரும், ராத்திரி மூணு மணிக்கு இதையே பத்து தடவை பண்ணும். இப்ப ஷிப்ட்டுக்கு ஒரு தடவை காஞ்ச துணியால தொடைக்குறது ரூல். ஒயர்லெஸ் சார்ஜர் வெச்சா தகடே இல்ல, கொஞ்சம் கரண்டு வீணாகும், வெலை ஜாஸ்தி, இருந்தாலும் கடலோரத்துக்கு அது நல்லதுன்னு நான் மேனேஜ்மென்ட்கிட்ட ரெண்டு தடவை எழுதிக் குடுத்திருக்கேன். 2022 ஏப்ரல் வெள்ளத்துல இந்த மாகாணத்துல 400 பேருக்கு மேல செத்தாங்க, எங்க ஏரியாவுல தண்ணி முட்டிக்கு மேல, தரையோட தரையா இருந்த சார்ஜர்தான் மொதல்ல போச்சு. சென்னையில 2015ல தண்ணி நின்ன எடத்துலயே குடோன் கட்டி ரோபோ விடுறவங்க இத யோசிக்கணும்.

அந்தக் கட்டுரை எழுதின தம்பி திரும்ப ஒரு குடோனுக்கு போனா, ரோபோவ போட்டோ எடுத்தப்புறம் சார்ஜர் இருக்குற மூலைக்கும் போகச் சொல்லுங்க. எத்தனை சார்ஜர், எத்தனை ரோபோ, ரெண்டு மணி நேரம் கரண்டு போனா எந்த லெவல்ல நிக்கும்னு மூணு கேள்வி கேட்டு, வர்ற பதில அப்படியே போடச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா