மாஸ்டரின் பெட்டியும் மெட்ராஸ் சிப்பாய்களும்

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதங்களுக்குப் பதில் போடாமல் நாளைக் கடத்திவிட்டேன். ஏச்சை நீ வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ அப்படியேதான். நெட்டையன் மறுபடியும் கடையை மாற்றிவிட்டான். ஏன் என்று உனக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு மாஸ்டரின் பெட்டி என் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆம், அதே பெட்டிதான். கிட்டப் போனாலே பிரம்பைத் தேடுவாரே, அது. வீட்டை விற்க முன் மகள் கூப்பிட்டுக் கையில் தந்துவிட்டாள்.

உள்ளே முழுக்க இங்கிலாந்தின் பிரித்தன்ஸ் கம்பனி செய்த ஈயப் பொம்மைப் படைவீரர்கள், 54 மில்லிமீட்டர் அளவு. 1893இல் அந்தக் கம்பனி உள்ளே கூடாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. ஈயம் குறைந்தது, விலையும் குறைந்தது. சந்தையைப் பிடித்திருந்த ஜெர்மன் பொம்மைகளுக்கு அப்போதுதான் சரியான போட்டி வந்தது. கரடித்தொப்பிக் காவல்படை, பாவாடை கட்டிய ஸ்கொட்லாந்துக்காரர், குதிரைவீரர் எல்லோரும் இருக்கிறார்கள். பெயின்ற் இன்னும் மினுங்குகிறது.

ஆனால் சிலருடைய காலில் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. மரம் விடும் அமில ஆவிதான் காரணம். அது ஈயத்தை மெல்ல அரித்துப் பொடியாக்கிவிடும், அதுவும் நம் ஊர் ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். மரப்பெட்டியில் பூட்டிவைத்த பொருளுக்கு இதுதான் கதி. நஞ்சுப் பொடி என்பதால் கையுறையும் முகமூடியும் போட்டு, மெல்லிய தூரிகையால் தட்டியெடுத்தேன். இப்போது எல்லோரும் இரும்புச் சட்டமிட்ட கண்ணாடி அலுமாரியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பக்கற்றுகளோடு நிற்கிறார்கள். பெட்டி வெறுமையாக மேலே இருக்கிறது. அதை எறிய எனக்கு மனம் வராது.

அவர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை பேரில் நம்மைப் போன்ற முகம் ஒன்றுகூட இல்லை. பிரித்தன்ஸ் மெட்ராஸ் காலாட்படையையும் செய்து விற்றதுதான், ஆனால் அது விக்டோரியா காலத்து உடை. எனக்கு வேண்டியது 1795 ஆகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து நம் கோட்டையைப் பிடிக்க வந்த படை. கேணல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டின் தலைமையில் வந்தவர்களில் வெள்ளைக்காரர் மட்டுமா இருந்தார்கள்? மெட்ராஸ் சிப்பாய்களும் வந்தார்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் சேர்ந்த படை அது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், ஆங்கிலேயத் தளபதி வெல்லெஸ்லி தங்கிய வீடு என்று எல்லோரும் கைகாட்டுவார்கள். சிப்பாய் எங்கே படுத்தான் என்று ஒருவரும் காட்டியதில்லை மச்சான். உனக்கு அந்தப் பக்கம் மான் மட்டும்தான் ஞாபகம் இருக்கும், உன் கொப்பியைத் தின்ற மான்!

அதனால் சிப்பாய்களை நானே தீட்டத் தொடங்கிவிட்டேன். 28 மில்லிமீட்டர் வெள்ளை உலோக உருவங்கள், ஒரு விரலின் பாதி உயரம்கூட வராது. வார்ப்பு அச்சு விட்ட தழும்பை அரத்தால் தேய்த்து, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, போத்தல் மூடியில் ஒட்டிவைத்து, கறுப்பு அடிப்பூச்சு அடித்தேன். மேலே ஆங்கிலேயனின் சிவப்புக் கோட்டு, தலையில் நீலத் தலைப்பாகை, கீழே தொடையளவு வெள்ளைக் காற்சட்டை, அதற்குக் கீழே வெறுங்கால். அந்தக் காற்சட்டையின் ஓரத்தில் நீலத்தில் பல்லுப் பல்லாக ஒரு கரை ஓடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாக வைக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் நாளில் பெயின்ற் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும், அதனால் விடியற்காலையில்தான் இந்த வேலை.

தோல் நிறத்துக்குப் போத்தலில் வருவது ரோசா நிறம், நமக்கு ஆகாது. கடும் மண்ணிறத்தில் கொஞ்சம் சிவப்பும் காவியும் கலந்து, கன்ன எலும்பிலும் மூக்கிலும் மட்டும் ஒரு படி வெளிறவைத்தேன். முதல் முகம் முடிந்தபோது, மச்சான், அவன் யாரோ வீட்டுப் பிள்ளை என்றுதான் நினைத்தேன். எந்தக் கடனை அடைக்கக் கப்பலேறினானோ. அவன் தாய்க்கு இந்த ஊரின் பெயராவது தெரிந்திருக்குமா?

இவர்கள் முடிந்ததும் டி மெயூரோன் படை. ஒல்லாந்தரிடம் கூலிக்கு இருந்த சுவிஸ் படை அது. அதே 1795இல் ஆங்கிலேயர் பக்கம் மாறி, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராகவும் நின்றது. படை முழுதாகக் கைமாறிய கதை இது, மாஸ்டர் இருந்திருந்தால் இரவிரவாகப் பேசியிருப்பார்.

இப்போது உனக்கொரு வேலை. லண்டனில் இருந்துகொண்டு கிரிக்கெட் மட்டும் பார்த்தால் போதாது. செல்சியிலிருக்கும் தேசிய இராணுவ அருங்காட்சியகத்துக்கு ஒரு சனிக்கிழமை போ. அந்தக் காலத்துச் சிப்பாய் படமோ கோட்டோ இருந்தால் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. முன்பக்கம் எல்லோரும் வரைந்திருக்கிறார்கள். பொத்தான் வரிசையும் வார்ப்பட்டி முதுகில் குறுக்கே போகும் விதமும்தான் எனக்கு வேண்டும். பார்சலில் பெயின்ற் அனுப்பாதே, போனமுறை அனுப்பியது வந்துசேரவே இல்லை. தூரிகை மட்டும் அனுப்பு, மிக நுண்ணியது.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். படம் வரும்வரை கோட்டின் முதுகைத் தீட்டாமல் வைத்திருக்கிறேன், சுணங்காதே.

உன்
மச்சான்